உப்பளத்து ஹெரால்டுக்குப் புது பம்ப்

மரக்காணம் உப்பளத்தில் ஆயில் இஞ்சின் நின்றுபோனால் முதல் போன் யுவராணிக்குத்தான் வரும். பாத்திக்கு உப்புத்தண்ணீர் ஏறாவிட்டால் அன்றைய வெயில் வீண். அதனால் கூப்பிடுகிறவர்கள் சுற்றி வளைப்பதில்லை. "நின்னுடுச்சும்மா" என்பார்கள். "இஞ்சினா, நீயா?" என்று கேட்டபடியே அவள் டூல்ஸ் பையை மொபெட்டில் கட்டத் தொடங்கியிருப்பாள்.

அனுமந்தையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். தேசப்பனைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்த புதிதில் உப்பு சுமக்கப் போனாள். கூடையோடு போகும்போதும் வரும்போதும் கொட்டகையில் ஓடும் இஞ்சினின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். எந்தச் சத்தத்துக்குப் பிறகு அது படுத்துக்கொள்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் திண்டிவனத்திலிருந்து வர வேண்டிய மெக்கானிக் வரவில்லை. அவளே பிரித்தாள். திரும்ப மாட்டி முடித்தபோது இரண்டு நட்டுகள் மிச்சமிருந்தன. இஞ்சின் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். யுவராணி கொஞ்ச நேரம் அந்த நட்டுகளையே பார்த்துவிட்டு இஞ்சினை நிறுத்தினாள். எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, இரண்டுக்கும் இடம் கண்டுபிடித்த பிறகுதான் வீட்டுக்குப் போனாள். அவளிடம் வேலை கொடுப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் அவளைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது உப்பள முதலாளி பக்தவச்சலத்தின் குடோனில் தார்ப்பாய்க்குள் நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். பால் நிறம், இரண்டே கதவு. பக்கத்துக் கொக்கிகளைத் தளர்த்தினால் முன்பாகம் மொத்தமும், லைட்டு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து, முன்பக்கமாக அப்படியே சாய்ந்து திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முதன்முதலில் அதைத் திறந்து பார்த்த அன்று, "தேசப்பா, இத செஞ்சவன் மெக்கானிக்கு முதுகு வலிக்கும்னு யோசிச்சிருக்கான்யா" என்று வீட்டுக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலை. குடோன் இஞ்சினுக்குப் பெல்ட் மாற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்தவச்சலம் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம ஆரோக்கியராஜ் லாரி எடுத்துக்கினு வர்றான். இத எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்று தார்ப்பாயைக் காட்டினார். ஆரோக்கியராஜ் பழைய இரும்பு வியாபாரி.

"எதங்க? காரையா?"

"காரா? பெரிய முதலியார்சாவடில பொண்ணு வூட்டுக்கு மூணு வாட்டி இதுல கெளம்பினேன். மூணு வாட்டியும் டிராக்டர்தான் இழுத்துக்கினு போயி வுட்டுச்சு. மருமவன் வீடியோ எடுத்து பேமிலி குரூப்ல போட்டுட்டான். பாட்டு வேற சேர்த்து."

"இன்னா பாட்டுங்க?" என்று துணைக்கு வந்திருந்த தேசப்பன் ஆவலாகக் கேட்டான்.

"அதுவாய்யா இப்ப முக்கியம்?"

யுவராணி கையைத் துடைத்தாள். "நா சரி பண்றேங்க. சரி பண்ணிட்டா எனக்குக் குடுத்துடுங்க."

"சும்மாவா?"

"எடைக்குப் போடப் போறதுதானே மொதலாளி. எங்கிட்ட போடுங்க."

பக்தவச்சலம் கன்னத்தைச் சொறிந்தார். அவருக்குப் பந்தயம் என்றால் பிடிக்கும். மழை வருமா வராதா என்றுகூட வேலையாட்களிடம் டீக்குப் பந்தயம் கட்டுகிறவர். "சரி. ஞாயித்துக்கெழம காலைல என்ன வச்சி ஓட்டிக்கினு போ. பொண்ணு வூட்டு வாசல் வரிக்கும் வழில ஒருவாட்டி கூட இஞ்சின் ஆஃப் ஆவக்கூடாது. போயிட்டா வண்டி உன்னுது. நின்னுச்சின்னு வையி, நின்ன எடத்துலருந்தே ஆரோக்கியராஜுக்கு லொகேஷன் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க" என்றாள் யுவராணி. அவர் மனம் மாறுவதற்குள் தார்ப்பாயை உருவினாள்.

கோளாறு எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தாள். ஆயிலில் பெட்ரோல் வாடை. இஞ்சினின் இடப்பக்கம் கைக்கு அடக்கமாக ஒரு பம்ப் உண்டு. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குத் தள்ளுவது அதுதான். கரண்ட் கிடையாது, இஞ்சின் சுற்றும் சுற்றிலேயே வேலை செய்யும். மெக்கானிக்குகள் அதை ஏ.சி. பம்ப் என்பார்கள். குளிர்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழற்றிப் பிரித்தால் உள்ளே இருந்த ரப்பர் சவ்வு அப்பளம்போல் விறைத்து, ஓரமாகக் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாகப் பெட்ரோல் பாதி இஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் பக்தவச்சலம் மகள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்.

புது பம்ப் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தது. கடைக்காரர் டிரைவரிடம் கொடுத்தனுப்ப, யுவராணி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கினாள். வீடுவரை பொறுமையில்லை. டீக்கடை பெஞ்சிலேயே அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். வெள்ளிபோல் பளபளத்தது. மேலே கவிழ்த்த டம்ளர் மாதிரி ஒரு கண்ணாடிக் கிண்ணம், பக்கத்தில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்பு, பின்னால் வளைந்து நீண்ட ஓர் இரும்பு நாக்கு.

"இதுக்குள்ள பெட்ரோல் ஏர்றது வெளியவே தெரியும்யா" என்று கூட வந்த தேசப்பனிடம் கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காட்டினாள். உப்பளத்து இஞ்சின்களில் எல்லாமே கருப்பாக, மூடிக்கொண்டு இருக்கும், காதாலும் கையாலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எரிபொருள் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதே அவளுக்குப் பெரிய விருந்தாக இருந்தது.

தேசப்பன் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். பம்ப் உட்காரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் மெல்லிய காகிதப் பேக்கிங் ஒன்று விழுந்தது. "ஒண்ணுதான் இருக்குது."

"கஞ்சப் பசங்க. இன்னொண்ணு நாம வெட்டிக்கலாம்."

அந்தக் கரையில் வேலை செய்கிற யாரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உப்புக்காற்று இரும்பை அரித்து, மூடுகிற முகங்களையெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழியாக்கிவிடும். ஒரு பேக்கிங் வைத்தால் ஒழுகும். ஆகவே எதைக் கழற்றி மாட்டினாலும் இரண்டு பேக்கிங், நடுவில் கிரீஸ். யுவராணி தடிமனான ஷீட்டைப் பம்பின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி இரண்டாவதை வெட்டி எடுத்தாள். அவள் வெட்டினால் ஓட்டைகள் பிசகாது.

வேலையை வரிசையாகச் செய்தாள். பேட்டரி வயரைக் கழற்றினாள். மணல் வாளியைப் பக்கத்தில் வைத்தாள். டீசலுக்குப் பழகிய தேசப்பன் காதில் பீடி சொருகிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்ததும் ரோடுவரை துரத்தினாள். பெட்ரோல் கலந்த பழைய ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினாள். பம்பின் நாக்கு உள்ளே ஓடும் கேம் என்னும் மேட்டின்மேல் படிய வேண்டும். மேடு எதிரே நிற்கும்போது நட்டை முறுக்கினால் நாக்கு வளையும். அதனால் இஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, மேடு விலகி நின்ற இடத்தில் பம்பை நுழைத்தாள். நாக்கு பதமாக உட்கார்ந்தது. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினாள்.

கை நெம்பை அடித்தாள். வெறும் கண்ணாடி. மறுபடி அடித்தாள். அடியில் ஒரு நனைவு. அப்புறம் பெட்ரோல் குபுக்கென்று ஏறிக் கண்ணாடி நிறைந்தது.

"ஏய்யா, வந்து பாருய்யா" என்று கூப்பிட்டாள். ரோட்டிலிருந்து ஓடிவந்த தேசப்பன் பார்த்தான். இருவரும் சின்னப்பிள்ளைகள்போல் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

செல்ஃபை அடித்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவுக்குள் ஒரு சுற்று, பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யுவராணிக்கு உப்பு டிராக்டர் ஓட்டிப் பழக்கம். இந்த ஸ்டீரிங் அவளுக்குப் பூவாகத் திரும்பியது. "நாளைக்கே கூட சாவடி போலாம்" என்றாள்.

உப்பளத்தின் நடுவே நேராகப் போகும் ரோட்டில் வண்டியை ஏற்றி, நான்காவது கியர் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி சீறிக் கிளம்பியது. கொஞ்ச தூரம்தான். பிறகு ஒரு குலுக்கல், இருமல், இன்னொரு குலுக்கல். ஓரங்கட்டுவதற்குள் இஞ்சின் அடங்கிவிட்டது. ஒரு நிமிடம் விட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது. மெதுவாகப் போனால் நன்றாக ஓடியது. வேகம் எடுத்தால் நின்றது.

"ஊருக்குள்ள ராஜா, ரோட்டுக்கு வந்தா நோயாளி" என்றான் தேசப்பன். "மெதுவாவே போயிடேன். சாயங்காலம் போயி சேர்ந்துடலாம்."

"அப்பிடி போயி வாங்கற வண்டி எனக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது. யுவராணி பயப்படவில்லை. கோளாறு பிடிபடாமல் இருக்கும் நேரத்தில்தான் அவளுக்குச் சுறுசுறுப்பு கூடும். சாப்பாட்டைத் தட்டில் போட்டு பானெட்டின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

முதலில் டேங்க் மூடி. காற்றுத்துளை உப்பில் அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. துளை சுத்தமாக இருந்தது. அடுத்து குழாய். வாயை வைத்து ஊதினாள், டேங்கில் குமிழி வந்த சத்தம் கேட்டது. அடைப்பு இல்லை. பிறகு கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டாள். "செல்ஃப் அடிய்யா" என்றாள். இஞ்சின் சுற்றச் சுற்ற, பாட்டிலில் பெட்ரோல் எச்சில் துப்புவதுபோல் விழுந்தது.

"போதும்." இப்போது கை நெம்பை அடித்தாள். சர்ரென்று பாய்ந்து பாட்டில் ஓரத்தில் தெறித்தது.

அவள் இரண்டையும் மறுபடி செய்து பார்த்தாள். கையால் அடித்தால் வெள்ளம், இஞ்சின் அடித்தால் எச்சில். அப்படியானால் பம்ப் நல்ல பம்ப். இஞ்சின் கொடுக்கிற அடிதான் அதற்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. கேமின் மேடு நாக்கைத் தள்ள வேண்டிய தூரம் தள்ளவில்லை. மேடு தேயவில்லை, பம்பை மாட்டும்போதே விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். பிறகு எது குறையும்? பம்ப் தள்ளி நின்றால் குறையும்.

பம்ப் ஏன் தள்ளி நிற்கிறது?

யுவராணி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். தேசப்பன் பெட்ரோல் வாடை தலைக்கேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனான்.

"ரெட்டைப் பேக்கிங்குய்யா" என்றாள், மூச்சு வாங்க. "நாமளே பம்ப தூக்கி ஒரு முழம் தள்ளி வச்சிருக்கோம்."

ஆயில் இஞ்சினில் டீசல் பம்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். ஒரு தகடு கூடினாலும் குறைந்தாலும் இஞ்சினின் குணமே மாறிவிடும். அதை அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். ஆனால் தகடு வேறு, பேக்கிங் வேறு என்று அவள் கை பிரித்து வைத்திருந்தது. தகடு என்றால் கணக்கு, பேக்கிங் என்றால் ஒழுகாமல் அடைப்பது. இங்கே பேக்கிங்கே தகடாகவும் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது நாக்குக்குப் பாதி அடி விழுந்தாலே போதும். வேகத்தில் கார்புரேட்டர் கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் ஏறாது.

பம்பைக் கழற்றித் தடிமனான பேக்கிங்கைச் சுரண்டி எறிந்தாள்.

"ஒண்ணே ஒண்ணா?" தேசப்பனுக்கு நிஜமாகவே கவலை வந்தது. "ஒழுவுமே யுவராணி."

"ஒழுவாத மாதிரி மொகத்தத் தேய்ப்போம்."

அதற்குத்தான் சனிக்கிழமை முழுவதும் போனது. இஞ்சினில் பம்ப் உட்காரும் இடத்தில் குழிகள் இருந்தன. தட்டையான எண்ணெய்க் கல்லை வைத்து, ஓட்டைக்குள் தூள் விழாமல் துணி அடைத்து, ஒரே அழுத்தத்தில் தேய்த்தாள். கொஞ்சம் தேய்ப்பது, துடைப்பது, நீலம் பூசிய கண்ணாடித் துண்டை ஒட்டி எடுத்து எங்கே ஒட்டவில்லை என்று பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. நீலம் சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெட்டியில் வந்த அந்த ஒற்றைக் காகிதப் பேக்கிங்கை எண்ணெயில் நனைத்து வைத்தாள். பம்பை ஏற்றினாள். பாட்டில் சோதனை மறுபடி. இந்த முறை செல்ஃப் அடித்ததுமே பெட்ரோல் பாட்டிலின் அடியைக் குத்தியது. பேக்கிங் ஓரத்தைத் தேசப்பன் விரலால் சுற்றித் தடவி, விரலைப் பார்த்தான். காய்ந்திருந்தது.

"உப்பளத்துல சொல்லிடாத. ஒத்தப் பேக்கிங் போட்டேன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரும் வேல குடுக்க மாட்டாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்தவச்சலம் வெள்ளை வேட்டி கட்டி, போனைக் கையில் பிடித்தபடி முன்சீட்டில் ஏறினார். தேசப்பன் பின்சீட்டில். டூல்ஸ் பை வரக்கூடாது என்று பக்தவச்சலம் சொல்லிவிட்டதால் அவன் மடியில் ஒரு தர்ப்பூசணி மட்டும் இருந்தது. அது மகள் வீட்டுக்கு.

ஈ.சி.ஆரில் ஏறியதும் நான்காவது கியர். நேற்று முன்தினம் வண்டி குலுங்கிய வேகம் வந்தது. யுவராணியின் காது முழுவதும் இஞ்சினில் இருந்தது. குலுங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். முள் ஏறியது. சத்தம் ஒரே நூலாக நீண்டது. இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் பின்னால் ஓடின.

"மெதுவா போம்மா" என்றார் பக்தவச்சலம், கதவைப் பிடித்துக்கொண்டு.

"மெதுவா போனா ஜெயிச்ச மாதிரி இருக்காதுங்க."

டோல்கேட்டில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் ஒரு மீன் லாரிக்கும் பணம் வாங்கும் கவுண்டருக்கும் ஏதோ தகராறு. வரிசை நகரவில்லை. வெயிலில், நின்ற இடத்தில், சூடான இஞ்சின் மெல்ல மெல்லத் தணிந்து உறுமியது. பக்தவச்சலம் லொகேஷன் அனுப்பும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். யுவராணி ஆக்சிலேட்டரின்மேல் கால் கட்டைவிரலை மட்டும் வைத்து, இஞ்சின் தாழும்போது ஒரு துளி கொடுத்தாள். தேசப்பன் தர்ப்பூசணியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

கவுண்டர் பையன் தலையை நீட்டினான். "அக்கா, இது எந்த வருஷத்து வண்டி? கொஞ்சம் ஆஃப் பண்ணி எறங்குங்க, ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன்."

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு. பையன் ஆசப்படறான்" என்றார் பக்தவச்சலம்.

"தம்பி, நீ இங்க வந்து என் கூட எடுத்துக்க. வண்டி ஓடிக்கினே இருக்கட்டும்."

பையன் வந்து எடுத்துக்கொண்டான். லாரி நகர்ந்தது. அனுமந்தையில் அவள் தம்பி ரோட்டோரம் நின்று கையாட்டினான். அவள் ஹாரன் மட்டும் அடித்தாள், காலை எடுக்கவில்லை. கூனிமேடு, காலாப்பட்டு என்று ஊர்கள் வந்தன, போயின. காலாப்பட்டு தாண்டும்போது பக்தவச்சலம் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல்மேல் கை போட்டுக்கொண்டார்.

"நல்லாதான் ஓடுது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ரொம்ப நல்லா ஓடுது இல்ல?" என்றார். டேஷ்போர்டைக் கையால் தடவினார். அந்தத் தடவலை யுவராணி ஓரக்கண்ணால் பார்த்தாள். நின்றிருந்தால் இவர் கைவிட்டிருப்பார். ஓடினால் இவருக்கே மறுபடி ஆசை வரும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

பெரிய முதலியார்சாவடியில் மகள் சூர்யகலாவின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணாத. மருமவன் பாக்கட்டும்."

மருமகன் சித்தார்த்தன் கறிக்கடைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை அந்தத் தெருவே ஹெரால்டைச் சுற்றி நின்றது. பை தொங்க வந்தவர், மாமனார் இறங்கி நிற்பதையும் வண்டி தானாக உறுமுவதையும் பார்த்தார். பிறகு தெருவின் கோடிவரை எட்டிப் பார்த்தார்.

"டிராக்டர் எங்க மாமா?"

"தேடிக்கினே இரு" என்றார் பக்தவச்சலம். அவர் முகத்தில் அப்படி ஒரு களை. "வீடியோ எடுக்கலியா? எடு, எடு."

சித்தார்த்தன் எடுத்தார். பக்தவச்சலம் பானெட்மேல் கை வைத்து நின்றார், கதவைத் திறந்து நின்றார், உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யுவராணி" என்றார் மெல்ல. "இத நானே வச்சிக்கினு, உனுக்கு வேற எதுனா..."

யுவராணி கை இரண்டையும் கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

சூர்யகலா தர்ப்பூசணியை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இன்னாப்பா, பந்தயம் இன்னா ஆச்சு? எங்கிட்ட போன்ல நீதானே சொன்ன, போயி சேர்ந்துட்டா அந்தக்காவுக்குன்னு."

"சொன்னேன். அது நிக்கும்னு நெனச்சி சொன்னேன்."

"நிக்கலல்ல?"

பக்தவச்சலம் ஸ்டீரிங்கை விடாமல் எதிரே பார்த்தார். அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. ஆரோக்கியராஜ். பழைய இரும்பு லாரி எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேட்கிறான். ஓடும் இஞ்சின் சத்தத்தில் பக்தவச்சலம் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இன்னாது? லாரியா?" அவர் யுவராணியை ஒருமுறை பார்த்தார், இஞ்சினை ஒருமுறை கேட்டார். பெருமூச்சு விட்டு இறங்கினார். "எங்கிட்ட கேட்டா? வண்டிக்காரங்க இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்ட பேசு."

போனை நீட்டினார். யுவராணி வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நா யுவராணி பேசறேன். லாரி வாணாம்ணே. உங்க கடைல ஹெரால்டு வண்டி எதுனா எடைக்கு வந்துச்சா? கதவு கைப்பிடி, வைப்பர் மோட்டார், எது இருந்தாலும் ஒடைக்காம எடுத்து வையிங்க. நா வண்டி எடுத்துக்கினே வர்றேன்."